கறந்த பால் காம்புக்கு ஏறாது: மலை ஊர்களில் முகப்படம் கொடுப்பவர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு மடிக்கணினியோடு ஒருவர் வந்து, பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கும் உள்ளறையை இரண்டு நாளைக்கு வாடகைக்குக் கேட்டார். ஆளுக்கு ஏழு படம்: நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், நிமிர்ந்து, குனிந்து, சிரித்தபடி, கண்ணை மூடியபடி. வந்து உட்காருகிறவருக்கு 100 ரூபாய். ஆள் கூட்டி வருகிறவருக்குத் தனியாக ஒரு தொகை. பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த நேரம். டானிங்டன், அரவேணு பக்கமிருந்து 34 பேரை நானே கூட்டி வந்தேன். மூன்று பக்க ஆங்கிலக் காகிதத்தில் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

ஆறு மாதம் கழித்து, அன்று வந்திருந்த ஒரு படுகர் பாட்டி மருந்து வாங்க டவுனுக்கு வந்தவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, என் படத்தை எங்கே மாட்டி வெச்சிருக்காங்க?” என்றார். படம் எடுத்தால் எங்காவது மாட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி என்னிடம் இருந்த நகலை எடுத்துப் படித்தேன். முகப் பகுப்பாய்வு மென்பொருளை உருவாக்கவும், இணை நிறுவனங்களுக்கு வழங்கவும், கால வரம்பில்லாமல் வைத்திருக்கவும் நாங்கள் சம்மதித்திருந்தோம்.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், சிலருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தபோது கற்றுக்கொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். முகம் கொடுக்கப் போகிறவர், ஏற்கெனவே கொடுத்துவிட்டவர், கல்லூரி புராஜெக்டுக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ முகங்களைச் சேகரிக்கப் போகிறவர் என்று மூன்று பேருக்கும் இது உதவும்.

படி 1: எந்தக் கேள்விக்குத் தலையாட்டுகிறோம் என்று பிரித்துப் பாருங்கள்

“ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்பது ஒரு கேள்வி. “உங்கள் முகத்தை வைத்துக் கணினிக்கு மனித முகம் என்றால் என்ன என்று பழக்கட்டுமா?” என்பது இன்னொன்று. “உங்கள் முகத்தைப் பெயரோடு பட்டியலில் ஏற்றி, நாளைக்கு ஏதோ ஒரு கேமராவில் நீங்கள் தெரிந்தால் இவர்தான் என்று சொல்ல வைக்கட்டுமா?” என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குச் சொன்ன ‘சரி’யை இழுத்து மற்ற இரண்டுக்கும் போர்த்திவிடுகிறார்கள். மலையில் இன்னும் மோசம்: சுற்றுலாப் பயணிகள் முதல் கேள்வியைக்கூடக் கேட்பதில்லை. கொழுந்து பறிக்கிற பெண்ணின் முகத்துக்கு நேராக வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்களிடம் யாராவது வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: “இந்த மூன்றில் நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள்?” திணறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: கணினி உங்கள் முகத்தை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மென்பொருள் முதலில் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். கண்கள், மூக்கு நுனி, வாயோரங்களைக் குறித்துக்கொண்டு முகத்தை நேராக்கும். பிறகு அதை ஓர் எண் வரிசையாக மாற்றும். கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். பின்னால் வந்த பல முறைகளில் 512. இரண்டு படங்களின் எண் வரிசைகள் நெருக்கமாக இருந்தால் ஒரே ஆள், தூரமாக இருந்தால் வேறு ஆள். அவ்வளவுதான் அடிப்படை.

ஆனால் அந்த எண்களை ஒழுங்காகப் போட ஒரே ஆளை வெவ்வேறு வெளிச்சத்தில், கோணத்தில், வயதில் காட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்குத்தான் ஏழு படம். இப்படிப் பழக்குவதற்கான படக் குவியலைப் பயிற்சித் தொகுப்பு என்கிறோம். அடையாளம் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்கும் குவியல் தேடல் தொகுப்பு. முதலாவதில் உங்கள் பெயர் யாருக்கும் தேவைப்படாது. இரண்டாவதில் பெயர்தான் எல்லாமே. ஒன்றுக்காகச் சேர்த்ததை இன்னொன்றுக்கு மாற்றிவிட ஒரு மதிய நேரம் போதும் என்பதால் இரண்டையும் ஒரே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இதில் மூன்று பொருள்கள் உருவாகின்றன: படம், எண் வரிசை, பழகிய மென்பொருள். படத்தை அழித்தால் மற்ற இரண்டும் தானாக அழியாது. பின்னால் இது முக்கியமாகும்.

ஏடிஎம் ரகசிய எண் வெளியே போய்விட்டால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள இணையதளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்துவிட்டான். காவல் இருக்கிற வீட்டுக்கே இந்தக் கதி என்றால், ஒருவருடைய மடிக்கணினியில் கிடக்கும் நம் 34 பேர் முகத்தைப் பற்றி என்ன சொல்ல!

படி 3: முன்பு நடந்ததைப் படியுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாளைக்கு உங்களிடம் சொல்லப்போகும் சமாதானங்கள் எல்லாம் ஏற்கெனவே வேறு இடங்களில் சொல்லப்பட்டவை.

2007இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் செய்திப் படங்களிலிருந்து 5,749 பேரின் 13,233 முகப்படங்களைத் திரட்டியது. பிரபலங்கள்தானே, செய்தியில் வந்ததுதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பசி கூடியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெகாஃபேஸ் தொகுப்பு, ஃப்ளிக்கர் தளத்தில் சாதாரண ஜனங்கள் ஏற்றிய குடும்பப் படங்களிலிருந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முகங்களை எடுத்தது. 2005இல் ஒரு தாய் ஏற்றிய தன் குழந்தைகளின் படங்கள் அதில் இருந்தது 2019இல்தான் வெளியே தெரிந்தது. குழந்தைகள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள்.

அங்கே சொன்ன சமாதானம்: “இவை எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்த படங்கள்.” இதை ஸ்டுடியோக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். அந்த உரிமம், படத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று படம் எடுத்தவர் தரும் அனுமதி; அவருடைய காப்புரிமையைப் பற்றியது. படத்தில் இருப்பவரின் சம்மதத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. என் கடையில் எடுத்த கல்யாணப் படத்துக்குக் காப்புரிமை எனக்கா மாப்பிள்ளைக்கா என்று சண்டை போடலாம். மாப்பிள்ளையின் மூக்கு என்னுடையது என்று நான் சொல்ல முடியாது.

அடுத்த சமாதானம், “பிரபலமானவர்கள் மட்டும்தான்.” மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரிலேயே ‘செலப்’ என்று இருந்தது, ஒரு லட்சம் பேர், ஒரு கோடிப் படங்கள். பார்த்தால் பத்திரிகையாளர்களும், முக அடையாளத் தொழில்நுட்பத்தையே எதிர்த்து எழுதியவர்களும் அந்தப் பட்டியலில். 2019இல் நிறுவனம் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அதே ஆண்டு இன்னும் இரண்டு தொகுப்புகள் விலகின: டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்து போனவர்களை எட்டு கேமராக்கள் எடுத்தது ஒன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காபிக் கடையின் நேரலைக் கேமராவிலிருந்து எடுத்த 11,917 படங்கள் இன்னொன்று. காபி குடிக்கப் போனவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

விலகிய பிறகும் கதை முடியவில்லை. மைக்ரோசாஃப்ட், டியூக் தொகுப்புகளின் நகல்களும் அவற்றிலிருந்து பிரித்தெடுத்த குட்டித் தொகுப்புகளும் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகளில் பயன்படுவதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். கறந்த பால் காம்புக்கு ஏறாது என்று இங்கே சொல்வது சும்மாவா?

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் நியாயமானது. “உங்கள் மாதிரி முகங்கள் தொகுப்பில் இல்லாவிட்டால் மென்பொருள் உங்களைத் தப்பாகத்தான் அடையாளம் காணும்.” உண்மைதான். ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் 2018இல் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெள்ளை நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம் தவறின; கறுப்பு நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் ஐபிஎம் 2019இல் பத்து லட்சம் படங்களோடு பல்வகை முகங்களின் தொகுப்பை வெளியிட்டது. எங்கிருந்து எடுத்தார்கள்? அதே ஃப்ளிக்கரிலிருந்து, யாரையும் கேட்காமல். நல்ல காரியத்துக்கு என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. கேட்டுச் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது: சோனி ஏஐ 2025இல் வெளியிட்ட தொகுப்பில் 81 நாடுகளைச் சேர்ந்த 1,981 பேரின் 10,318 படங்கள், ஒவ்வொன்றும் சம்மதத்தோடும் கூலியோடும் எடுத்தவை. கேட்டு வாங்கினால் ஆயிரக்கணக்கில்தான் வரும், கோடியில் வராது. கேட்காமல் எடுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மலைக்கு இதில் இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1873இல் வில்லியம் மார்ஷல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, மண்டையின் வடிவத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையோடு தோடர்களை ஆராய்ந்து, படங்களோடு ஒரு புத்தகமே போட்டார். 1890களில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு வந்து தோடர், கோத்தர் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். கண் எங்கே, மூக்கு எங்கே என்று இன்றைய மென்பொருள் குறித்துக்கொள்ளும்போது எனக்கு அந்தக் கருவிதான் நினைவுக்கு வருகிறது. அப்போது கையெழுத்துகூடக் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

படி 4: சேகரிக்கப் போகிறவரா? முகம் தேவைதானா என்று முதலில் பாருங்கள்

ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும் என்று ஒரு மாணவர் குழு என்னிடம் கேமரா வாடகைக்கு எடுக்க வந்தது. ஆள் எண்ணுவதற்கு முகம் எதற்கு? தலைக்கு மேலிருந்து எடுத்தால் தொப்பியும் குல்லாவும்தான் தெரியும், எண்ணிக்கை சரியாக வரும். தோட்டத்தில் வருகைப் பதிவுக்கு அட்டை போதும். ‘முகம் கண்டுபிடிப்பது’ எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் புராஜெக்ட் என்றால் குழுவில் இருக்கும் எட்டுப் பேரின் முகங்களே போதும். வாத்தியாரும் சம்மதித்தால் ஒன்பது.

இந்தப் படியிலேயே பாதிப் பேர் வேலையை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவர்கள் மட்டும் கீழே வாருங்கள்.

படி 5: சின்ன சமுதாயத்தில் பெயரை எடுத்துவிட்டால் போதாது

நகரத்தில் எழுதிய வழிகாட்டிகளில் “பெயரை நீக்கிவிடுங்கள், அடையாளம் போய்விடும்” என்று இருக்கும். சென்னையில் ‘60 வயது, பெண்’ என்று குறித்தால் லட்சம் பேர் பொருந்துவார்கள். தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ‘தோடர், பெண், 60 வயதுக்கு மேல், இடது கன்னத்தில் மச்சம்’ என்று தொகுப்பில் குறிப்பு இருந்தால் எந்த மந்து (தோடர் குடியிருப்பு), யாருடைய அம்மா என்று அங்கிருக்கும் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். கோத்தரின் ஊரான கோக்காலுக்கும் இது பொருந்தும். கூடலூர் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளும் அப்படித்தான். முகத்தை மங்கலாக்கினாலும் தோடர்கள் போர்த்தும், பூவேலை செய்த பூத்துக்குளிச் சால்வையும் பின்னாலிருக்கும் வீடும் காட்டிக்கொடுக்கும். அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சால்வையைப் போலியாக நெய்து விற்றால் கேட்க ஆள் உண்டு. அதைப் போர்த்தியிருப்பவரின் முகத்துக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது: இனப் பெயரையும் ஊர்ப் பெயரையும் படத்தோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். தனிநபர் சம்மதம் வாங்குவதற்கு முன்பு ஊர்ப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். ஊர் ‘சரி’ என்றதால் தனிநபர் ‘சரி’ சொல்லிவிட்டதாக ஆகாது. ஊர் ‘வேண்டாம்’ என்றால் தனிநபர் காசுக்காகச் சம்மதித்தாலும் விட்டுவிடுவது நல்லது. அவர் ஒருவர் முகத்திலிருந்து அவர் அக்கா தங்கையையும் ஊகிக்கலாம்.

மொழியிலும் ஒரு சிக்கல். 2023இன் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் இருக்கிறது. படுக மொழி இல்லை. தோடர் மொழி, கோத்தர் மொழி, இருளர் மொழி எதுவும் இல்லை. சட்டத்தின் எழுத்துப்படி நடந்தாலும் அந்தப் பாட்டிக்குப் புரியாமல் போக இடம் உண்டு. அவர் மொழி தெரிந்த ஒருவரை, சேகரிப்பவரின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவரை, பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்மொழியாகச் சொல்லிக் கேட்டு, அந்தப் பேச்சைக் குரலாகப் பதிவு செய்யுங்கள்.

படி 6: சம்மதத் தாளை இப்படி எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உரக்கப் படித்தால் இரண்டு நிமிடம். நான் இப்போது வைத்திருக்கும் வாசகம் இது. வேண்டியவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

“என் பெயர் ____. ____ நிறுவனத்திலிருந்து வருகிறேன். உங்கள் முகத்தை ____ படம் எடுக்க விரும்புகிறேன். இதை வைத்து ____ செய்யும் மென்பொருளைப் பழக்குவோம். படங்கள் ____ என்பவரின் பொறுப்பில், ____ ஊரில் இருக்கும். ____ தேதிக்குள் அழித்துவிடுவோம். வேண்டாம் என்று இப்போதே சொல்லலாம், எந்த நஷ்டமும் வராது. பிறகு மனம் மாறினால் ____ எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். ஆனால் மென்பொருள் பழகி முடித்த பிறகு சொன்னால், படத்தை அழிக்க முடியும். அது பழகியதை முழுதாக மறக்க வைக்க முடியாமல் போகலாம்.”

கடைசி வரியை எழுத யாருக்கும் மனம் வராது. அதை எழுதாத தாள் பாதித் தாள்தான்.

அதற்குக் கீழே நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ‘ஆம்’, ‘இல்லை’:

படம் எடுக்கலாமா?
மென்பொருளைப் பழக்கப் பயன்படுத்தலாமா?
வேறு நிறுவனத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்கலாமா?
கட்டுரையிலோ விளம்பரத்திலோ முகத்தைக் காட்டலாமா?

நான்குக்கும் ஒரே கையெழுத்து வாங்காதீர்கள். சம்மதம் தன்னிச்சையாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையில்லாமல், ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரே கையெழுத்தில் ‘குறிப்பிட்ட நோக்கம்’ அடிபட்டுப் போகும். தாளின் நகல் ஒன்று அவர் கையில் போக வேண்டும். பணம் கொடுப்பதாக இருந்தால் சம்மதத்துக்கு அல்ல, அவர் செலவழித்த நேரத்துக்குக் கொடுங்கள்; பாதியில் எழுந்து போனாலும் முழுக் கூலி.

படி 7: ‘இல்லை’ சொல்ல முடியாத இடத்தில் கேட்காதீர்கள்

தோட்டத்தில் மேஸ்திரி நின்றுகொண்டிருக்கும்போது கேட்டால் எல்லோரும் ‘சரி’ என்பார்கள். அது மேஸ்திரிக்குச் சொன்ன சரி. எடை போடும் நேரத்திலும் கூலி வாங்கும் வரிசையிலும் கேட்கவே கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், ஒரு நாள் யோசிக்க விடுங்கள். மறுநாள் திரும்பி வந்து கேட்கும்போது நான்கில் ஒருவராவது மறுத்தால் நீங்கள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். (ஆய்வுக் கணக்கு அல்ல, என் அனுபவக் கணக்கு.)

18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அது சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். விடுதி வார்டன் பெற்றோர் அல்ல. தலைமையாசிரியர் ‘எடுத்துக்கோங்க’ என்றாலும் போதாது. பெற்றோர் சம்மதித்து, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தக் குழந்தையை விட்டுவிடுங்கள்.

மறுக்க வழியே இல்லாத இடங்களும் இருக்கின்றன. அங்கன்வாடியில் வீட்டுக்கு வாங்கிப் போகும் சத்துணவுக்கு 2025 ஜூலை 1 முதல் முகப் பதிவைக் கட்டாயமாக்கியது ஒன்றிய அரசு. சத்துமாவு வேண்டும் என்றால் முகம் காட்டத்தான் வேண்டும். அதில் தனியாள் செய்யக்கூடியது குறைவு. இருந்தாலும் எங்கே சேமிக்கிறார்கள், பொருந்தவில்லை என்றால் மாற்று வழி என்ன என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். குளிரில் சால்வை சுற்றிய முகத்தை இயந்திரம் ஏற்காமல் ஒரு கர்ப்பிணிப் பெண் திரும்பிப் போகிற நாளில் அந்தக் கடிதம் உதவும்.

கூட்டத்தில் எடுக்கும் படங்கள் வேறு வகை. பேரகணி ஹெத்தை அம்மன் பண்டிகையில் வெள்ளை உடுத்திய ஆயிரக்கணக்கானவர்களிடம் தனித்தனியாகக் கேட்க முடியாது. பண்டிகைப் படம் எடுப்பதில் தப்பில்லை, கோயில்காரர்கள் அனுமதித்தால். அதை முகத் தொகுப்பாக வெட்டி எடுப்பதுதான் தப்பு. இணையத்தில் ஏற்றும்போது தூரத்திலிருந்து எடுத்ததை ஏற்றுங்கள், அல்லது அளவைக் குறைத்து ஏற்றுங்கள்; முகம் சில புள்ளிகளாகச் சுருங்கிவிட்டால் மென்பொருளுக்கு வேலையில்லை.

காட்டுக்குள்ளும் இது உண்டு. புலிக் கணக்கெடுப்புக்கு வைக்கும் தானியங்கிக் கேமராவில் விறகு பொறுக்கப் போகும் பெண்களும் விழுவார்கள். உத்தராகண்டில் கார்பெட் காப்பகத்தை ஒட்டி நடந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி விழுந்த ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் உள்ளூர்க் குழுக்களில் சுற்றியதைப் பதிவு செய்தது. முதுமலை, முக்கூர்த்தி பக்கம் கேமரா வைக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் படங்களை விலங்கு, மனிதர், வண்டி என்று பிரித்துக்கொடுக்கும். மனிதர் என்று வந்ததைத் திறந்து பார்க்காமல் அப்படியே அழித்துவிடலாம்.

படி 8: வாங்கியதைப் பத்திரமாக வையுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் பெரிய சூட்சுமம் இல்லை. படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடம், தேதி விவரங்களை நீக்குங்கள். கைபேசியில் எடுத்த படத்தில் வீடு இருக்கும் புள்ளியே பதிவாகியிருக்கும். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணுக்கும் பெயருக்குமான பதிவேட்டைத் தனியாக, முடிந்தால் நோட்டுப் புத்தகத்தில், பூட்டி வையுங்கள். படங்கள் கடவுச்சொல் போட்ட வன்தட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. அழிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அன்று அழித்துவிட்டு, அழித்ததாக எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். யாருக்காவது நகல் கொடுத்தால் யாருக்கு, எப்போது, எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். பின்னால் யாராவது ‘என் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்றால் அந்த ஒரு வரிதான் வழி காட்டும்.

படி 9: ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் செய்ய வேண்டியது

முதலில் கதவைச் சாத்துங்கள். சமூக வலைத்தளக் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். கூகுள் போட்டோஸ் அமைப்புகளில் ஒரே மாதிரி முகங்களைத் தொகுக்கும் வசதி இருக்கும், வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். முகத்தை ஏற்றினால் இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் தளங்கள் உண்டு; அங்கே தேட இன்னொரு தடவை முகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதால் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கதவைச் சாத்துவதற்குச் சட்டப்படியும் ஒரு காரணம் உண்டு. ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு 2023 சட்டம் பொருந்தாது. உங்கள் படத்தை நீங்களே எல்லோருக்கும் தெரியும்படி போட்டிருந்தால் சட்டம் கையை விரித்துவிடும். ஆராய்ச்சி, புள்ளிவிவரத் தேவைகளுக்கும், தனிநபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படாதவரை, விலக்கு இருக்கிறது. பயிற்சித் தொகுப்புக்காரர்கள் நுழையும் வாசல்கள் இந்த இரண்டும்தான்.

அடுத்து கடிதம். யார் எடுத்தார்களோ அவர்களுக்கு, தமிழிலேயே:

“____ தேதியில் ____ இடத்தில் எடுத்த என் முகப்படங்களுக்குத் தந்த சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். என் படங்களையும், அவற்றிலிருந்து உருவாக்கிய எண் வரிசைகளையும் அழித்து எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற பட்டியலைத் தரவும். எந்த மென்பொருளைப் பழக்கப் பயன்பட்டது, அது இப்போதும் புழக்கத்தில் இருக்கிறதா என்று தெரிவிக்கவும்.”

படி 2இல் சொன்ன மூன்று பொருள்களும் இந்தக் கடிதத்தில் இருப்பதைப் பாருங்கள். ‘படத்தை நீக்கவும்’ என்று மட்டும் எழுதினால் படத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்வார்கள். பழகிய மென்பொருளையே அழிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் எவர்ஆல்பம் என்ற படச் சேமிப்பு நிறுவனம் பயனர்களின் முகங்களை வைத்து மென்பொருள் செய்தபோது, அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2021இல் படங்களோடு சேர்த்து மென்பொருளையும் அழிக்க உத்தரவிட்டது. பல நூறு கோடி முகங்களை இணையத்தில் அள்ளிய கிளியர்வியூ நிறுவனத்துக்கு நெதர்லாந்து 2024இல் 3.05 கோடி யூரோ அபராதம் போட்டது. இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ் அதற்கு முன்பே தலா 2 கோடி யூரோ போட்டிருந்தன. கேட்பது பைத்தியக்காரத்தனம் அல்ல.

இங்கே நிலைமை: 2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. அறிவித்த அட்டவணைப்படி சம்மதம், அழிப்பு, புகார் தொடர்பான முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். வந்த பிறகு, சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். குறைக்கு 90 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அதுவரை கையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள். அவற்றிலும் முக வடிவம் உடலடையாளத் தகவல் என்ற பட்டியலில் வருகிறது. எழுத்தில் சம்மதம் வேண்டும், அதைத் திரும்பப் பெறவும் இடமுண்டு. கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். பதிவு வசதி சேர்த்த ஸ்பீடு போஸ்ட்டில், கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். மின்னஞ்சலில் மட்டும் அனுப்பினால் கிடைக்கவில்லை என்பார்கள்.

அந்த 34 பேரில் 19 பேர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களில் சிலர் ‘போனது போகட்டும் விடுங்க’ என்றார்கள், இருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வரிப் பதில் வந்தது: படங்கள் நீக்கப்பட்டன. யாருக்குக் கொடுத்தார்கள், எந்த மென்பொருள் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. ஒப்புகை அட்டை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

பாட்டிக்கு இதை எல்லாம் விளக்க மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப எங்கேயும் மாட்டலையா?” என்றார். வெள்ளை முண்டோடும் தலைக்கட்டோடும் ஒரு படம் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொடுத்தேன். கோப்பை அவர் எதிரிலேயே அழித்தேன். அவர் வீட்டுக் கூடத்தில், கதவுக்கு நேர் எதிரே அது தொங்குகிறது.